ஏழாம் பக்கத்தில் விட்ட வரி

ஒன்பது பக்கங்களை உரக்கப் படித்தேன். ஏழாம் பக்கத்தில் ஒரே ஒரு வரியை மட்டும் வேண்டுமென்றே படிக்காமல் தாண்டினேன். கேட்டுக்கொண்டிருந்த இருபத்திரண்டு பெண்களும் என்னை நம்பினார்கள். எழுதத் தெரிந்தவர்கள் கையெழுத்துப் போட்டார்கள். தெரியாதவர்கள் கைநாட்டு வைத்தார்கள்.

கண் தப்பிவிட்டது என்று சொல்லிவிடலாம். கண் தப்பவில்லை! அந்த வரி வரப்போகிறது என்று ஆறாம் பக்கத்திலிருந்தே எனக்குத் தெரியும். தண்ணீர் வாங்கிக் குடித்தேன். குரலைச் சரிசெய்துகொண்டேன். பிறகு தாண்டினேன்.

நீங்கள் யாரோ, எனக்குத் தெரியாது. ஒருவேளை உங்கள் சங்கத்துக்கோ குழுவுக்கோ நிதியுதவி தேடி, நீங்களும் என்னைப் போன்ற ஒருத்தியின் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றிருக்கலாம். அப்படியானால் இது உங்களுக்குத்தான். என்னை நல்லவளாகக் காட்டிக்கொள்ள இதை எழுதவில்லை. அந்த வேலையைப் பல வருடம் பார்த்தாகிவிட்டது... இனி முடியாது.

என் தொழில் புரபோசல் எழுதுவது. யாரிடம் நிதி இருக்கிறது, அதை யாருக்குக் கொடுப்பார்கள், எப்படிக் கேட்டால் கொடுப்பார்கள் என்று பார்த்து, கேட்பவர்களுக்காக விண்ணப்பம் எழுதித் தருவது. தண்டையார்பேட்டையில் என் கணவர் அன்வருக்கு இருசக்கர வாகன உதிரிபாகக் கடை இருக்கிறது. அதற்கு மேலே ஒரு சின்ன அறை. அதுதான் என் அலுவலகம். அஞ்சல் வழியில் தமிழ் இலக்கியம் படித்தவள். ஒரு தொண்டு நிறுவனத்தில் எட்டு வருடம் குமாஸ்தாவாக இருந்து, இந்த வித்தையைக் கற்றுக்கொண்டு வெளியே வந்தேன். நான் எழுதிக் கொடுத்த விண்ணப்பம் எதுவும் திரும்பி வந்ததில்லை என்று ஒரு பேர் எனக்கு உண்டு. அந்தப் பேரைத்தான் நான் முதலில் காப்பாற்றினேன். மற்றவையெல்லாம் பிறகு.

கஸ்தூரி அக்கா என்னைத் தேடி வந்தது ஒரு மத்தியான வேளையில். எண்ணூர் முகத்துவாரத்துக்குப் பக்கத்துக் குப்பம். கூட இரண்டு பெண்கள். மூவரும் நாற்காலியில் உட்கார யோசித்தார்கள். புடவை இன்னும் ஈரமாக இருந்தது. என் பாயை விரித்துப் போட்டேன்.

அவர்கள் கழிமுகத்தில் கையால் இறால் பிடிப்பவர்கள். ஆறு என்றுதான் அவர்கள் சொல்வார்கள். தண்ணீர் வற்றும் நேரம் பார்த்து மார்பளவு, கழுத்தளவு நீரில் இறங்கி, சேற்றைக் கையால் துழாவிப் பிடிப்பார்கள். பிடித்ததைப் போட ஓலையால் முடைந்த பறி. இரண்டு கையும் வேலையில் இருப்பதால் பறியை வாயில் கவ்விக்கொள்வார்கள். அப்படியே விற்றதுபோக மிஞ்சியதையும், வாங்கிய சில்லறை மீனையும் காயவைத்து விற்பார்கள். காயவைக்க இடமில்லை. சாலையோரம்தான். கன்டெய்னர் லாரி ஒன்று போனால் கருவாடு முழுக்க மண். மழை வந்தால் எல்லாம் பாழ்.

"எங்களுக்கு எழுதத் தெரியாதுன்னு இல்ல டீச்சரு," என்றாள் கஸ்தூரி. கையில் நோட்டுப் புத்தகம் வைத்திருக்கிற பெண் யாராயிருந்தாலும் அவளுக்கு டீச்சர்தான். "இன்னா எழுதணும்னுதான் தெரியல. அத்துக்குத்தான் ஒன்னாண்ட வந்துகீறோம்."

ஒரு சிமெண்டுத் தளம், மேலே கூரை, ஒரு ஐஸ் பெட்டி. அவ்வளவுதான் கேட்டார்கள். ஒரு அறக்கட்டளை கடலோரப் பெண்களுக்கு நிதி கொடுக்கிறது என்ற அறிவிப்பை யாரோ அவர்களுக்குக் காட்டியிருந்தார்கள்.

அறிவிப்பை வாங்கிப் படித்தேன். நிதி கேட்பவர்கள் எல்லோரும் முதலில் தொகையைப் பார்ப்பார்கள். என்னைப் போன்றவள் முதலில் தேடுவது தகுதிப் பக்கத்தை. யாருக்குக் கொடுப்போம், யாருக்குக் கொடுக்கமாட்டோம் என்று அங்கேதான் எழுதியிருக்கும். இந்த அறிவிப்பில் நாலாம் பக்கம். நீர்நிலைகளில் இறங்கி மீன்பிடிப்பதைக் கைவிட்டு, மாற்றுத் தொழிலுக்கு வந்து இரண்டாண்டுகள் ஆன பெண்களுக்கு மட்டும் இந்த நிதி. இப்போதும் நீரில் இறங்குபவர்களுக்குத் தகுதி இல்லை.

என் எதிரே மூன்று பெண்கள். காலையில்தான் ஆற்றிலிருந்து ஏறி வந்தவர்கள்.

இரண்டே வார்த்தை சொல்லியிருந்தால் போதும். "உங்களுக்குக் கிடைக்காது." அதன்பின், "வேறு எங்கே கிடைக்கும் என்று தேடுவோம்." நேர்மையான ஒருத்தி அதைத்தான் சொல்லியிருப்பாள். அதற்குத்தான் அவளுக்குக் கூலி. நான் என்ன சொன்னேன் தெரியுமா?

"பார்த்துக்கலாம்க்கா."

ஏன் சொன்னேன்? இந்தக் கேள்வியை என்னையே கேட்டுக்கேட்டு எனக்குச் சலித்துவிட்டது. என் பேர் ஒரு காரணம். முடியாது என்று சொல்லி அனுப்பினால் அவர்கள் வேறொருவனிடம் போவார்கள், அவன் வாங்கிக் கொடுத்துவிட்டால் என் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது! ஆனால் அது மட்டுமில்லை. இன்னொன்றும் இருந்தது. அதைச் சொல்லத்தான் கூசுகிறது. சொல்லிவிடுகிறேன்... அவர்கள் செய்த வேலையை நான் இளப்பமாக நினைத்தேன். கழுத்தளவு சேற்றுத் தண்ணீரில், வாயில் கூடையைக் கவ்விக்கொண்டு... இதை யார் விரும்பிச் செய்வார்கள்? கொட்டகை வந்துவிட்டால் தானாகவே விட்டுவிடப்போகிறார்கள். நாளைக்கு நடக்கப்போவதை நான் இன்றைக்கே எழுதுகிறேன், இதில் என்ன தப்பு?

விட்டுவிடப்போகிறீர்களா என்று அவர்களை நான் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

ஏழாம் பக்கத்தில் இப்படி எழுதினேன்: "எங்கள் குழு உறுப்பினர் எவரும் கடந்த இரண்டாண்டுகளாகக் கழிமுகத்தில் இறங்கித் தொழில் செய்வதில்லை; அதற்கான தேவையும் இனி எங்களுக்கு இல்லை."

முதல் பாதி, நிபந்தனைக்காக எழுதிய பொய். இரண்டாம் பாதியை எந்த நிபந்தனையும் கேட்கவில்லை. வாக்கியம் மொட்டையாக நிற்பதுபோல் தோன்றியது. ஒரு முடிவு வேண்டும் என்று நானே சேர்த்தேன். சேர்த்துவிட்டு வாசித்துப் பார்த்து, நன்றாக அமைந்துவிட்டது என்று சந்தோஷப்பட்டேனே!

அந்தக் குப்பத்தில் ஒரு வழக்கம் உண்டு. பல வருடங்களுக்கு முன்னால் யாரோ ஒருவன் அரிசி தருகிறோம் என்று சொல்லி ஒரு கட்டுக் காகிதத்தில் கையெழுத்து வாங்கிப் போயிருக்கிறான். இடத்தைக் காலி செய்யச் சம்மதம் என்று நடுப்பக்கத்தில் இருந்திருக்கிறது. அந்தப் பக்கத்தை அவன் காட்டவே இல்லை. அதிலிருந்து அங்கே எந்தக் காகிதமானாலும் எல்லோரையும் கூட்டிவைத்து உரக்கப் படிக்க வேண்டும். ஒரு பக்கம் படித்து முடித்ததும் தரையில் ஒரு கிளிஞ்சல் வைப்பார்கள். கடைசியில் காகிதத்தையும் எண்ணுவார்கள், கிளிஞ்சலையும் எண்ணுவார்கள். இரண்டும் ஒத்துப்போனால்தான் கையெழுத்து.

பக்கம் விட்டுப்போகாமல் பார்த்துக்கொள்ள அவர்களுக்குத் தெரிந்திருந்தது. ஒரு பக்கத்துக்குள்ளேயே வரியைத் திருடுகிறவள் வருவாள் என்று அவர்கள் நினைத்துப் பார்க்கவில்லை.

வலை வைக்கும் கொட்டகையில் எல்லோரும் உட்கார்ந்தார்கள். கிளிஞ்சல் வைத்தது கஸ்தூரிதான். நான் நன்றாகப் படிப்பேன். ஏற்ற இறக்கத்தோடு, நிறுத்தி, புரியாத சொல்லுக்கு விளக்கம் சொல்லிப் படிப்பேன். சாலையோரம் கருவாடு காய்கிற கஷ்டத்தை மூன்றாம் பக்கத்தில் எழுதியிருந்தேன். அதைக் கேட்டு இரண்டு பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். ஏழாம் பக்கம் வந்தது. அந்த வரிக்கு முந்தைய வரியை முடித்தேன், மூச்சு வாங்கினேன், அடுத்த வரியைத் தொடங்கினேன்.

கஸ்தூரி காகிதத்தைப் பார்க்கவில்லை. என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். ஏழாவது கிளிஞ்சலை வைத்தாள்.

ஒன்பது பக்கம், ஒன்பது கிளிஞ்சல். "செரியா கீது," என்றாள். இருபத்திரண்டு பேரும் வரிசையில் வந்தார்கள்.

அவர்களில் பாதிப் பேருக்காவது தமிழ் படிக்கத் தெரியும். விண்ணப்பத்தின் பிரதி ஒன்று அவர்களிடமே இருந்தது. பிறகு ஏன் யாரும் பார்க்கவில்லை என்று கேட்பீர்கள். கிளிஞ்சல் வைத்துப் படித்தாகிவிட்டதே! மறுபடி படித்தால் படித்தவளைச் சந்தேகப்பட்டதாக ஆகுமே! பிளாஸ்டிக் உறையில் போட்டு, கஸ்தூரி வீட்டில் சாமி படத்துக்குப் பின்னால் வைத்தார்கள்.

அறக்கட்டளையிலிருந்து ஒரு முறை பார்வையிட வந்தார்கள். எந்த நாள், எத்தனை மணி என்று ஏற்பாடு செய்தவள் நான்தான். தண்ணீர் ஏறியிருக்கும் நேரமாகப் பார்த்துச் சொன்னேன். அந்த நேரத்தில் ஆற்றில் ஒருத்தியும் இருக்கமாட்டாள். எல்லோரும் உலர்ந்த புடவையோடு கருவாடு உலர்த்திக்கொண்டிருந்தார்கள். நேரத்தை நான் ஏன் அப்படிப் பார்த்தேன் என்று அந்தப் பெண்களுக்குத் தெரியாது.

நிதி வந்தது. கொட்டகை வந்தது. திறந்த அன்று எனக்கு ஒரு பூந்துவாலையைப் போர்த்தி, வாயில் கேசரி ஊட்டினார்கள். நான் தின்றேன்.

இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. அவர்கள் விண்ணப்பம் போன நான்கு மாதத்தில் வேறொரு நிதியுதவி அறிவிப்பு என் கண்ணில் பட்டது. நீரில் இறங்கிக் கையால் மீன்பிடிக்கும் பெண்களுக்கென்றே வந்தது. தகுதிப் பக்கத்தைப் படித்தபோது கஸ்தூரியைப் பார்த்து எழுதியதுபோல் இருந்தது. ஒரு பொய்யும் வேண்டாம், அவர்கள் இருந்தபடியே போய் நின்றிருக்கலாம்! படித்தேன்... மூடிவைத்தேன். யாரிடமும் சொல்லவில்லை.

ஒன்றரை வருடம் ஓடியது. கொட்டகையில் கருவாடு காய்ந்தது. பெண்கள் எப்போதும்போல் ஆற்றில் இறங்கினார்கள். ஒருத்திகூட விடவில்லை. காய்ந்த மீன் எங்கிருந்து வரும் என்று நினைத்தேன் நான்? வானத்திலிருந்தா?

பிறகு கரையோரம் தடுப்புச்சுவரும் வேலியும் போடும் திட்டம் வந்தது. ஆற்றில் தொழில் செய்கிறவர்களுக்கு எங்கெங்கே வழி விட வேண்டும் என்று கணக்கெடுத்தார்கள். படகு வைத்திருப்பவர்களுக்குப் படகின் பதிவு இருக்கிறது. இந்தப் பெண்களிடம் இரண்டு கையும் ஒரு பறியும்தான் இருக்கிறது. எதைக் காட்டுவது? வீட்டிலிருக்கும் காகிதங்களிலேயே நல்ல காகிதத்தைக் காட்டினார்கள். எல்லோர் பேரும், எல்லோர் கையெழுத்தும், குப்பத்தின் பேரும் ஒரே இடத்தில் இருக்கிற காகிதம். நான் எழுதியது.

கணக்கெடுப்புக் கூட்டம் கல்யாண மண்டபத்தில் நடந்தது. "நீயும் கூட வந்து குந்திக்க டீச்சரு, அவுங்க பேசற தமிழு எங்களுக்குப் புரியாது," என்று கஸ்தூரி கூப்பிட்டாள். போனேன். அதிகாரி பொறுமையான மனிதர்தான். பிளாஸ்டிக் உறையிலிருந்து காகிதத்தை எடுத்துப் புரட்டினார். ஏழாம் பக்கத்தில் நின்றார்.

"ஆத்துல எறங்கறதே இல்லன்னு நீங்களே எழுதிக் குடுத்திருக்கீங்களேம்மா?"

"இன்னா சார் சொல்ற? இன்னிக்கு காலைலகூட எறங்கினோமே!"

அவர் உரக்கப் படித்தார். எங்கள் குழு உறுப்பினர் எவரும்... என் வரி. எனக்குப் பிடித்த, நன்றாக அமைந்துவிட்ட என் வரி! அந்த மண்டபத்தில்தான் அது முதல் தடவையாக அவர்கள் காதில் விழுந்தது. "அதற்கான தேவையும் இனி எங்களுக்கு இல்லை" என்ற இடத்தில் அவர் விரலை வைத்துக் காட்டினார். தேவையே இல்லை என்றால் வழி எதற்கு?

கஸ்தூரிக்குக் கோபம் வரவில்லை. சிரித்தாள். "அந்த மாரி ஒரு வரியே அதுல கெடையாது சார். முழுசா படிக்கச் சொல்லி, கிளிஞ்ச வச்சி எண்ணிப் பார்த்துதான் கையெழுத்துப் போட்டோம். படிச்சவங்களே தோ கீறாங்க. கேட்டுப் பாரு."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

அந்த நொடியில் நான் சொல்லியிருக்கலாம். அப்போதே, அங்கேயே... அவர் எழுதிக்கொள்ளத் தயாராகப் பேனாவைத் திறந்துகூட வைத்திருந்தார். என் நாக்கு என்ன செய்தது? வாய் கூசாமல் சொன்னேன்:

"டைப் அடிக்கும்போது தப்பு வந்திருக்கும் சார்."

"கையெழுத்துப் போட்ட காகிதம்மா. எழுத்துல இருக்கறதத்தான் நான் எடுத்துக்க முடியும். ஆட்சேபம் இருந்தா முப்பது நாளுக்குள்ள எழுதிக் குடுங்க," என்று அவர் அடுத்த பேரைக் கூப்பிட்டார்.

வெளியே வந்ததும் பெண்கள் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள். என்மேல் கோபப்பட என்று நினைத்தீர்களா? டைப் அடித்தவன்மேல்!

"எந்தக் கடை டீச்சரு? சொல்லு, நேராப் போயி கேட்டுர்றோம். எவ்ளோ பெரிய பேஜாரு பண்ணி வச்சிக்கிறான்!"

டைப் அடித்தவன் என்று யாரும் இல்லை. என் அறையில், என் கணினியில், இந்தப் பத்து விரல்களால் நான் அடித்தது. "அந்தக் கடைய மூடிட்டாங்க," என்றேன். ஒரு பொய்யைத் தாங்க இன்னொரு பொய், அதைத் தாங்க ஒரு கடை, கடைக்கு ஒரு பூட்டு... அவன் கை வெளங்காம போவ என்று ஒருத்தி மண்ணை வாரித் தூற்றினாள். இல்லாத ஒருவனுக்காக நான் அங்கே நின்று அந்தச் சாபத்தை வாங்கிக்கொண்டேன்.

"நீ இன்னா பண்ணுவ, பாவம்," என்று கஸ்தூரி என் பையில் ஒரு பொட்டலம் இறாலைத் திணித்தாள். "வூட்ல கொண்டுபோயி செய். மூஞ்சே செத்துப்போச்சி ஒனக்கு."

அந்த இறாலை நான் சமைக்கவில்லை. குப்பையில் போடவும் கை வரவில்லை. குளிர்பெட்டியிலேயே கிடந்தது.

இரண்டு வாரம் கழித்துத் திட்ட வரைபடத்தை ஒட்டினார்கள். வழி விடப்பட்டிருந்தது படகுத்துறையில் மட்டும். அங்கே ஆழம் அதிகம். கையால் துழாவ முடியாது. பெண்கள் இறங்கும் மேடான இடம் முழுக்க வேலிக்கு அந்தப்பக்கம். எல்லை காட்டச் சுண்ணாம்புக் கோடு போட்டிருந்தார்கள். ஈரக்காலோடு கரையேறிய பெண்கள் அந்தக் கோட்டை மிதித்துக்கொண்டு போனதில் அது அங்கங்கே அழிந்திருந்தது. உண்மையைச் சொல்லிவிடுவது என்று அதைப் பார்த்த இடத்தில்தான் முடிவு செய்தேன். இனி ஒரு நாளும் தள்ளமாட்டேன்.

அன்வரிடம் சொன்னேன். கடையை மூடிக்கொண்டிருந்தவர் ஷட்டரைப் பாதியில் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"இன்னாத்துக்கு இப்பப் போயி நோண்டற? வேலிய நீயா போடற?"

"வேலி போடற எடத்த நான்தான் எழுதிக் குடுத்துகீறேன்."

"ஒன் தொழில் போய்டும்மா."

"போவட்டும்."

அவர் ஷட்டரை இழுத்துப் பூட்டினார்.

தொழில் போவது பெரிதில்லை. நான் பயந்தது வேறொன்றுக்கு. அந்த வரி பொய் என்று நான் எழுதிக் கொடுத்தால், தகுதியில்லாமல் நிதி வாங்கியதாக ஆகும். கொட்டகையை அறக்கட்டளை திரும்பக் கேட்கலாம். கையெழுத்து அவர்களுடையது. என் பேர் அந்த ஒன்பது பக்கத்தில் எங்கேயும் இல்லை! விண்ணப்பம் எழுதுகிறவளின் பேர் எப்போதும் இருக்காது. அதுதான் இந்தத் தொழிலின் சௌகரியம்.

கடிதம் எழுத உட்கார்ந்தேன். முதலில் எழுதியது அழகாக வந்தது, கிழித்துப் போட்டேன். "சூழ்நிலை காரணமாக" என்று ஒரு இடத்தில் என்னையறியாமல் எழுதியிருந்தேன். எந்தச் சூழ்நிலை? யார் என் கழுத்தில் கத்தி வைத்தார்கள்? மறுபடி எழுதினேன். வரியை எழுதியது நான். படிக்காமல் விட்டது நான். கையெழுத்திட்ட இருபத்திரண்டு பேருக்கும் அந்த வரி தெரியாது. அவர்கள் அன்றும் இன்றும் ஆற்றில் இறங்கித்தான் பிழைக்கிறார்கள். இரண்டு பக்கத்தில் முடிந்தது. கீழே என் முழுப் பேர், விலாசம், கையெழுத்து.

நேராகத் திட்ட அலுவலகத்துக்குப் போயிருக்கலாம். ஆனால் அவர்களைக் கேட்காமல் அவர்களுக்காக எழுதியதுதானே முதல் குற்றம்? பேருந்து பிடித்துக் குப்பத்துக்குப் போனேன்.

கொட்டகையில் இருந்தார்கள். என் பொய்யால் வந்த சிமெண்டுத் தளத்தில் நெத்திலி காய்ந்துகொண்டிருந்தது. கஸ்தூரி என்னைப் பார்த்ததும் இடம் ஒதுக்கினாள். "வா வா, குந்து. டீ சொல்லட்டா?"

நான் உட்காரவில்லை. உட்கார்ந்தால் சொல்லமாட்டேன் என்று தெரியும்.

"டைப் அடிச்சவன் யாரும் இல்லக்கா. நான்தான்."

யாருக்கும் முதலில் புரியவில்லை. கஸ்தூரிக்குப் புரிந்தது. கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்தாள்.

"அன்னிக்குப் படிக்கசொல்ல அந்த வரி அதுல இருந்துதா?"

"இருந்துச்சு."

"கண்ணுல பட்டுதா?"

"பட்டுச்சுக்கா."

அவளுக்குப் பின்னாலிருந்த பெண் ஒருத்தி, "அடிப்பாவி, டபாய்ச்சிட்டாளே! நம்மளப் படிக்காதவளுங்கன்னு டபாய்ச்சிட்டாளே!" என்று கத்தியபடி எழுந்து வந்தாள். கஸ்தூரி கையை நீட்டி அவளை உட்காரவைத்தாள். அவள் என்னை அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

கடிதத்தில் என்ன இருக்கிறது, அதைக் கொடுத்தால் கொட்டகை போகலாம் என்பதையெல்லாம் ஒன்று விடாமல் சொன்னேன். கேஸ்கூட வரலாம் என்றேன். "பழி என்மேலதான்னு எழுதிகீறேன். ஆனா அவுங்க ஒத்துப்பாங்களான்னு தெரியாது. நீங்க வேணாம்னா குடுக்கல. வேற வழி இருக்கான்னு பார்க்கறேன்."

ஆளாளுக்குப் பேசினார்கள். சிலர் அழுதார்கள். கொட்டகைக்காக எத்தனை நாள் அலைந்தோம் என்றாள் ஒருத்தி. கடைசியில் கஸ்தூரி தூணைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

"கொட்டா போனா முன்ன மாரி ரோட்ல காய வச்சிக்கலாம். ஆத்துக்கு வழி போச்சின்னா இன்னாத்தடி காய வைப்ப?"

யாரும் மறுக்கவில்லை. நான் கடிதத்தை எடுத்தேன். படிக்க வாயைத் திறந்தேன்.

"நீங்க படிக்க வாணாம் மேடம்."

அவள் என்னை மேடம் என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. இரண்டு வருடமாக நீ, வா, போ, துன்னியா என்றவள்! கையை நீட்டினாள். கடிதத்தைக் கொடுத்தேன்.

ஐஸ் பெட்டிக்குக் கட்டி ஐஸ் கொண்டுவரும் மூர்த்தி அப்போதுதான் வண்டியை நிறுத்தியிருந்தார். குழுவில் இல்லாத ஆளே படிக்கட்டும் என்று அவரைக் கூப்பிட்டுக் கையில் கொடுத்தாள். அவர் சட்டையில் கையைத் துடைத்துக்கொண்டு, எழுத்துக்கூட்டிப் படிக்க ஆரம்பித்தார். கஸ்தூரி தரையில் சம்மணமிட்டு, மடியில் ஒரு கூடைக் கிளிஞ்சலை வைத்துக்கொண்டாள். முதல் வரி முடிந்ததும், "நிறுத்து," என்றாள். ஒரு கிளிஞ்சலை வைத்தாள்.

"பக்கத்துக்கு ஒண்ணுதானே?" என்றார் மூர்த்தி.

"இனிமேட்டு வரிக்கு ஒண்ணு."

அவர் படித்தார், நின்றார். அவள் வைத்தாள். படித்தார், நின்றார். நான் செய்ததை இன்னொருவர் குரலில், திக்கித் திணறி, வரிவரியாகக் கேட்டேன். மூர்த்திக்கு வராத சொற்கள் இருந்தன. சொல்லிக் கொடுக்க எனக்கு வாய் வரை வந்தது, அடக்கிக்கொண்டேன். நான் சொல்லிக்கொடுக்கும் எந்தச் சொல்லையும் இனி அங்கே யார் நம்புவார்கள்?

நாற்பத்திரண்டு வரி. கஸ்தூரி காகிதத்தை வாங்கி, விரல் வைத்து வரிகளை எண்ணினாள். பிறகு கிளிஞ்சல்களை எண்ணினாள். பிறகு கிளிஞ்சல்களை மறுபடியும் எண்ணினாள்.

"செரியா கீது," என்றாள். என்னிடம் சொல்லவில்லை, மற்றவர்களிடம்.

முப்பதாவது நாளுக்கு இரண்டு நாள் முன்னால் திட்ட அலுவலகத்தில் கடிதத்தைக் கொடுத்து முத்திரை வாங்கினோம். அறக்கட்டளைக்கும் ஒரு பிரதி அனுப்பினேன். அவர்களிடமிருந்து விளக்கம் கேட்டு எனக்கும் வந்திருக்கிறது, குழுவுக்கும் வந்திருக்கிறது. வழி பற்றி இன்னும் பதில் இல்லை. வாரம் ஒரு முறை திட்ட அலுவலகத்துக்குப் போய் நிற்கிறேன். பெஞ்சில் உட்காரச் சொல்கிறார்கள், உட்காருகிறேன். பதில் வரும்வரை போவேன். என் புதிய விண்ணப்ப வேலைகளை நிறுத்திவிட்டேன். எழுதித் தரச் சொல்லி வருகிறவர்களுக்குத் தகுதிப் பக்கத்தை மட்டும் படித்துச் சொல்லி அனுப்புகிறேன். இல்லை என்றால் இல்லை என்கிறேன். அவர்களுக்கு முகம் வாடுகிறது. வாடட்டும்.

நீங்கள் என்னைப் போன்ற ஒருத்தியை வேலைக்கு வைத்தால், அவள் எத்தனை விண்ணப்பத்தில் ஜெயித்தாள் என்று கேட்காதீர்கள். எத்தனை பேரை, உங்களுக்குத் தகுதி இல்லை என்று திருப்பி அனுப்பினாள் என்று கேளுங்கள். என்னிடம் அன்று கேட்டிருந்தால் ஒருவரும் இல்லை என்றுதான் சொல்லியிருப்பேன், பெருமையாக!

போன வாரம் திட்ட அலுவலகத்திலிருந்து வந்த ஒரு தாளைக் கொடுக்கக் குப்பத்துக்குப் போனேன். கொட்டகை இன்னும் நிற்கிறது. உள்ளே ரேஷன் கடையிலிருந்து வந்த ஏதோ அறிவிப்பைப் படித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு வரி, ஒரு கிளிஞ்சல். ஒரு வரி, ஒரு கிளிஞ்சல். இந்தச் சின்ன நோட்டீசுக்கு அரை நாள் ஆவுது என்று ஒருத்தி அலுத்துக்கொண்டாள். தண்ணீர் வற்ற ஆரம்பித்துவிட்டது, ஆற்றுக்குப் போக வேண்டும் என்றாள் இன்னொருத்தி. ஆனாலும் யாரும் எழுந்திருக்கவில்லை. கஸ்தூரி தலை நிமிராமல் அடுத்த கிளிஞ்சலை வைத்தாள்.

அவர்கள் முடிக்கும்வரை நான் வெளியே வெயிலில் நின்றுகொண்டிருந்தேன்.